படுக்கையோடு வரும் வண்டிக்கு ‘பி’ நம்பர்

அண்ணே, முதல் காரியமாக அந்த மோட்டார் ஹோமைக் கப்பலில் ஏற்றிவிட வேண்டாம் என்று மான்செஸ்டரில் இருக்கும் மகனுக்குச் சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். தே ஆறிப்போனால் இன்னொன்று சொல்லிக்கொள்வோம்.

ஏன் இவ்வளவு அவசரமாகத் தடுக்கிறேன் என்றால், எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வண்டியை வாங்குவோம், கப்பலில் போடுவோம், கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு ஏஜெண்டைப் பிடித்துப் பேப்பர் முடித்துக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். மலேசியாவில் அது தலைகீழ். பேப்பர் முன்னால் வர வேண்டும், வண்டி பின்னால்தான் வர வேண்டும். ஏ.பி. என்று சொல்கிறோமே, அந்த இறக்குமதி அனுமதி கையில் இல்லாமல் வண்டி வந்து இறங்கினால், துறைமுகத்தில் வாடகை நாள் கணக்கில் ஏறும். சுங்கத்துறைக்கோ அது அனுமதி இல்லாத சரக்கு. பறிமுதல் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஏ.பி. 1970-இல் வந்தது. வாகன வியாபாரத்தில் பூமிபுத்ராக்களும் காலூன்ற வேண்டும் என்பது அப்போது சொன்ன காரணம். 2005-இல் யாருக்கு எத்தனை ஏ.பி. போனது என்று முன்னாள் பிரதமர் மகாதீரும் அப்போதைய வாணிப அமைச்சர் ரஃபிடா அசிசும் மோதிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது பத்திரிகையைத் திறந்தால் அதுதான். பிறகு 2009-இல் தேசிய வாகனக் கொள்கையைத் திருத்தியபோது, ஓப்பன் ஏ.பி. 2015 முடிவோடு நிறுத்தப்படும் என்றார்கள். 2015 போய்விட்டது, ஏ.பி. போகவில்லை. 2010 முதல் ஓப்பன் ஏ.பி. ஒன்றுக்குப் பத்தாயிரம் வெள்ளிக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பணம் கடைசியில் யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு வேண்டியது ஓப்பன் ஏ.பி. அல்ல. அது ரீகோண்ட் வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கு உரியது. ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பழைய வண்டிகளைக் கொண்டுவருவது அந்த வழியில்தான். மகனுக்குப் பொருந்தக்கூடியது தனிநபர் ஏ.பி. வெளிநாட்டில் முறையாகத் தங்கிப் படித்தவர், வேலை செய்தவர், ஊர் திரும்பும்போது சொந்த வண்டியைக் கொண்டுவருவதற்கான வழி அது. அந்த வண்டி அங்கே அவர் பெயரிலேயே பதிவாகி, குறிப்பிட்ட காலம் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் வாங்கிய வண்டி செல்லாது. மச்சான் பெயரில் இருக்கும் வண்டியும் செல்லாது. முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சின் நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். அதனால் போன வருடம் நண்பன் கொண்டுவந்த கதையைக் கேட்டு முடிவு செய்யாமல், மகன் அமைச்சிடமே எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டுத் திறனாளர்களைத் திரும்ப அழைக்கும் டேலண்ட்கார்ப் திட்டத்திலும் ஒரு வரம்பு வரை வாகன வரிச் சலுகை உண்டு. அதற்கு ஊர் திரும்பும் முன்பே மனுப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து சாமான் பிரித்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும்.

இப்போது பணக் கணக்கு. வண்டிக்கு அங்கே கொடுத்த விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் பேசுகிறார்கள். சுங்கத்துறை பார்ப்பது விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த தொகையை. நீங்கள் காட்டும் ரசீது குறைவாகத் தெரிந்தால், அவர்களே ஒரு மதிப்பைப் போடுவார்கள். அந்தத் தொகை மேல் இறக்குமதி வரி. இரண்டையும் கூட்டி அதன் மேல் கலால் வரி. மூன்றையும் கூட்டி அதன் மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. வரிக்கு மேல் வரி ஏறிக்கொண்டே போவதுதான் இதில் இருக்கும் சூட்சுமம்.

ஒரு காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். வண்டி கிள்ளான் வந்து சேர 2 லட்சம் வெள்ளி என்று வையுங்கள். இறக்குமதி வரி 30 விழுக்காடு என்றால் 60,000. ஆயிற்று 2,60,000. பயணிகள் கார்களுக்குக் கலால் வரி 60-லிருந்து 105 விழுக்காடு வரை போகும். குறைந்த பக்கமே எடுப்போம், 60. அது 1,56,000. கூட்டினால் 4,16,000. அதில் விற்பனை வரி 41,600. மொத்தம் 4,57,600 வெள்ளி. இது கணக்கு எப்படி ஏறும் என்று காட்டத்தான், மகன் வண்டியின் விகிதம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசியான் சுங்கப் பட்டியலில் 87.03 தலைப்பின் கீழ் மோட்டார் ஹோமுக்குத் தனி எண்ணே இருக்கிறது. எஞ்சின் கொள்ளளவையும் பெட்ரோலா டீசலா என்பதையும் பொறுத்து வகை மாறும். சரியான எண் எது என்று சுங்க ஏஜெண்டிடம் கேட்டு, அதற்குரிய விகிதத்தை வாங்கிய பிறகு இதே காகிதத்தில் மறுபடி போடுங்கள்.

வண்டி எந்த நாட்டில் பிறந்தது என்பதும் விகிதத்தை மாற்றும். அங்கேதான் மோட்டார் ஹோம் குழப்பம் பண்ணும். மான்செஸ்டரில் ஓடும் வண்டி மான்செஸ்டரில் செய்ததல்ல. ஐரோப்பாவில் பல மோட்டார் ஹோம்கள் ஃபியட் டுக்காட்டோ மேல் கட்டியவை. அந்த வேன் இத்தாலியில் அட்டெஸ்ஸா என்ற ஊரில் தயாராகிறது. அங்கிருந்து எஞ்சினும் முன் அறையும் மட்டும் உள்ள மொட்டை வண்டியாக ஜெர்மனிக்கோ வேறு எங்கோ போய், வேறொரு கம்பெனி கையால் படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் ஏறுகிறது. கப்பல் ஏறிய ஊரை வைத்து வரிச் சலுகை கேட்க முடியாது. பிறந்த ஊர்ச் சான்றிதழ் கேட்பார்கள்.

அதனால் இந்த வண்டிகளில் இரண்டு தகடு இருக்கும். ஒன்று வேன் செய்தவர் அடித்தது, பொதுவாக எஞ்சின் பகுதியிலோ கதவு ஓரத்திலோ இருக்கும். இன்னொன்று வீட்டைக் கட்டியவர் அடித்தது. சேசிஸ் நம்பர் ஒன்றுதான், ஆனால் எடை, வகை, வருடம் இரண்டிலும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். வேன் 2018-இல் செய்திருப்பார்கள், வீடு 2019-இல் ஏறியிருக்கும், இங்கிலாந்தில் முதல் பதிவு 2020 ஆக இருக்கும். மகன் வண்டி வாங்கியபோது பார்த்தது 2020 மட்டும். இங்கே வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருட வித்தியாசம் ஒரு மனுவையே கவிழ்த்துவிடும். இரண்டு தகட்டையும் கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் வி5சி பதிவு ஆவணத்தின் படமும் வேண்டும். அதோடு வண்டி வாங்கிய ரசீதும் வேண்டும். வி5சி உரிமைக்கு அத்தாட்சி அல்ல என்று அந்த ஆவணத்திலேயே அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

கப்பலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வேன் உருவம் மாறாத சிறிய வண்டி என்றால் கொள்கலனில் நுழையலாம். தனிப் பெட்டி கட்டிய பெரிய வண்டி நுழையாது, உயரமும் அகலமும் இடிக்கும். அது ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்கும் கப்பலில்தான் வர வேண்டும். உள்ளே சட்டி பானை, பழைய துணி என்று எதையும் அடைத்து அனுப்ப வேண்டாம்.

துறைமுகத்தில் கே1 படிவம் போட்டு வரி கட்டி வெளியே எடுத்தாலும், அது இன்னும் சிலாங்கூரின் ‘பி’ நம்பர் இல்லாத வண்டிதான். சாலையில் ஓட்டிக்கொண்டு நம் கோல சிலாங்கூருக்கு வர முடியாது, லோரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு பரிசோதனை. 1994 முதல் முப்பது வருடம் புஸ்பாகோம் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்துவந்தது. 2024 ஆகஸ்டோடு அந்தத் தனி உரிமை முடிந்தது. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் பேப்பரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். பிரேக், விளக்கு, புகை எல்லாம் சோதிப்பார்கள். மலேசியா 2006-இல் ஐ.நா. வாகன விதிகளின் 1958 உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், ஐரோப்பிய வண்டியின் விளக்கிலும் கண்ணாடியிலும் வட்டத்துக்குள் ‘இ’ முத்திரை இருந்தால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதி சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யிடம். இந்த வண்டி எந்த வகை, எத்தனை இருக்கை, பயணத்தின்போது எந்த இருக்கைக்கு பெல்ட் உண்டு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருக்கும் சோபாவை எல்லாம் இருக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கெரானில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில், என்ன வகை என்று அச்சாகிறதோ அதை வைத்துத்தான் சாலை வரியும் காப்புறுதியும் வரும்.

வண்டியைப் பற்றியும் ஒரு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கை அறைக்கு ஏறும் கதவு எந்தப் பக்கம்? ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகக் கட்டிய பெட்டியை, ஸ்டியரிங்கை மட்டும் மாற்றி இங்கிலாந்தில் விற்பது சாதாரணம். அப்படி என்றால் கதவு ஓட்டுநர் பக்கம் இருக்கும். நம் நாட்டில் சாலையோரம் நிறுத்தினால், பேரப்பிள்ளைகள் லோரிகள் பறக்கும் பக்கம் இறங்குவார்கள். இது எந்தப் படிவத்திலும் வராது, ஆனால் நான் வாங்குவதாக இருந்தால் இதை முதலில் பார்ப்பேன். இங்கிலாந்து வண்டியில் மின்சாரம் நம் வீட்டு மின்சாரத்தோடு ஒத்துப்போகும், பிளக்கும் அதே மூன்று முள் பிளக்தான். ஜப்பான் வண்டி என்றால் 100 வோல்ட், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பின் சக்கரத்துக்குப் பின்னால் வால் மாதிரி நீண்டிருக்கும் பெட்டி, செம்பனை லோரிகள் போய்ப் போய்ப் பள்ளமான தோட்டச் சாலைகளில் தரையைத் தட்டும். பேரங்காடிகளின் கார் நிறுத்தத்தில் உயரக் கம்பி இடிக்கும். அப்புறம் இங்கே கம்போங் குவாந்தானில் கொண்டுவந்து நிறுத்தினால், கூரைத் திரைக்குக் கீழே மாலை மாதிரி எல்.இ.டி. போடாதீர்கள். பெரெம்பாங் மரத்தில் மின்மினிகள் சேர்ந்து மின்னுவது துணை தேடி. வெளிச்சம் அதைக் கெடுக்கும்.

லங்காவியில் வாங்கி இங்கே ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, உண்மைதான். ஆனால் அந்த வண்டி வரி கட்டாமல் இந்தப் பக்கம் நிரந்தரமாக இருக்க முடியாது, நாள் கணக்கு உண்டு. மகன் வெறுமனே சுற்றிப் பார்க்க வருகிறான், திரும்பி ஓட்டிப் போய்விடுவான் என்றால் கதையே வேறு. அதற்கு வண்டிப் பாஸ்போர்ட் மாதிரி கார்னெட் என்று ஒன்று உண்டு. இறக்குமதி என்ற பேச்சே வராது, விற்கவும் முடியாது.

என்னைக் கேட்டால், அந்த 4,57,600 வெள்ளிக் காகிதத்தை மகனுக்குக் காட்டுங்கள். மான்செஸ்டர் வண்டியை அங்கேயே விற்றுவிட்டு, இங்கே பதிவான வேன் ஒன்றை வாங்கி, ஜே.பி.ஜே. அனுமதியை முதலில் எழுத்தில் வாங்கி, பிறகு படுக்கை கட்டுவது கையைக் கடிக்காது. உதிரிப்பாகம் கிள்ளானிலேயே கிடைக்கும். அதற்கும் முன்னால், வாடகை மோட்டார் ஹோம் ஒன்றை எடுத்து, அண்ணியையும் கூட்டிக்கொண்டு இரண்டு இரவு போய்ப் படுத்துப் பாருங்கள். அந்தக் கழிவறைத் தொட்டியை யார் காலி செய்வது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இல்லை, மகனுக்கு அதே வண்டிதான் வேண்டும் என்றால், சரி. அப்போது வண்டியின் வெற்று எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம்முடைய சாதாரண ‘டி’ லைசென்ஸ், வெற்று எடை 3,500 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்குத்தான். அதைத் தாண்டினால் மகன் லோரி லைசென்ஸ் எடுக்க வேண்டும், நீங்களும்தான்.