70 மணி நேரம் வேலை பார்த்தா உற்பத்தி கூடுமா? ஒரு டி-ஷர்ட் சொல்லும் கணக்கு!

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னது ஞாபகம் இருக்கும். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 மணி நேரம் வரை கொண்டுபோனார். ரெண்டு தடவையும் மீம்ஸ் பறந்தது. நாமும் சிரிச்சுட்டு ஃபார்வேர்டு பண்ணிட்டோம். ஆனால், நாராயண மூர்த்தி சொன்னதில் சீரியஸான ஒரு விஷயம் இருக்கு. இந்தியாவில் உற்பத்தித்திறன் ரொம்பக் குறைவு என்பதுதான் அது. அப்படியே வெச்சுக்குவோம். அது ஏன் குறையுது? நாம சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பிடறதாலயா?

இதுக்குப் பதில் தேட, திருப்பூர் பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு தையல் லைனைக் கற்பனை பண்ணிக்கோங்க. 20 டெய்லர்கள். ஒரு டி-ஷர்ட்டை முழுசா தைக்க, எல்லா வேலையும் சேர்த்து 8 நிமிஷம் ஆகும்னு வெச்சுக்குவோம். ஒரு ஷிஃப்ட்டுக்கு 480 நிமிஷம். 20 பேருக்கும் சேர்த்தா 9,600 நிமிஷம். எட்டால் வகுத்தா 1,200 டி-ஷர்ட் வரணும். சாயங்காலம் எண்ணிப் பார்த்தா 600தான் இருக்கு. ஆக, லைனோட எஃபிஷியன்ஸி 50 சதவிகிதம்.

முதலாளி பார்வையில் இது, 'பாதி நேரம் எல்லாரும் அரட்டை அடிச்சிருக்காங்க.' ஆனா லைனுக்குள்ள போய்ப் பார்த்தா கதையே வேற. கழுத்துல ரிப் வெச்சுத் தைக்கிற இடத்துல ஒரே ஒரு டெய்லர். நுணுக்கமான வேலை, ஒரு பீஸுக்கு 48 விநாடி ஆகுது. அப்போ மணிக்கு 75 பீஸ்தான் அவரைத் தாண்டிப் போக முடியும். எட்டு மணி நேரத்துக்கு 600. கணக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு. அவருக்கு முன்னாடி சோல்டர் தைக்கிறவர் எவ்வளவு வேகமா ஓட்டினாலும், கழுத்து மெஷின் பக்கத்துல பண்டல் மலையா குவியுமே தவிர, ஒரு டி-ஷர்ட்கூட அதிகமா வெளியே வராது. அவருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க பீஸ் வர்றதுக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க.

இதுல யார் தப்பு? கழுத்து டெய்லரா? அவர்தான் அந்த லைன்லயே நிமிராம வேலை பார்க்கிற ஆள்! அங்க இன்னொரு மெஷின் போட்டு ஒருத்தரை உட்கார வெச்சா, லைன் உடனே மூச்சுவிடும். அப்புறம் கை ஏத்துற இடமோ, பாட்டம் மடிக்கிற பேட்லாக்கோ அடுத்த அடைப்பா மாறும். அதையும் பார்க்கணும். ஒரு லைன் சூப்பர்வைசரோட உண்மையான வேலை, இன்னிக்கு அடைப்பு எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான். சத்தம் போடுறது ரெண்டாவது.

இதோட ஊசி உடையுறது, நூல் கலர் மாறி வந்தது, கட்டிங் லேட், கரன்ட் கட் எல்லாத்தையும் சேர்த்துக்கோங்க. புது ஸ்டைல் லைன்ல ஏறினா முதல் சில நாள் கை பழகவே போயிடும். ஆர்டர் சின்னதா இருந்தா, கை பழகி முடியறப்போ ஆர்டரும் முடிஞ்சிருக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்களுக்கு இதுல கூடுதலா ஒரு அடி. காத்திருக்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. பிளானிங்கில் நடந்த தப்புக்கு டெய்லரோட சனிக்கிழமைச் சம்பளத்துல பிடித்தம்!

சரி, அடைப்பே இல்லாத லைன்னு வெச்சுக்குவோம். அப்பவும் மனுஷன் மெஷின் இல்லையே. பெங்களூரைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் டியூப் லைட்டுகளை எடுத்துட்டு எல்.இ.டி போட்டாங்க. மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான். ஒவ்வொரு லைனும் தினம் எவ்வளவு தைச்சது, அன்னிக்கு வெளியில வெயில் எவ்வளவுங்கிறதை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வெயில் ஏறுற நாள்கள்ல உற்பத்தி சரிஞ்சது. எல்.இ.டி வந்த இடங்கள்ல அந்தச் சரிவு நல்லாவே குறைஞ்சது. தலைக்கு மேல எரியற விளக்கோட சூடு குறைஞ்சதுதான் காரணம். கரன்ட் பில்லுல மிச்சமானதைவிட, உற்பத்தி கூடினதால கிடைச்ச லாபம் ரெண்டு மடங்குக்கும் மேல்! மே மாசத்துல தகரக் கூரைக்குக் கீழ நின்னு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதை ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பாங்க. ஆனா அவங்களை யார் கேட்கிறாங்க?

இன்னொரு உதாரணம் மும்பை பக்கத்து ஜவுளி ஆலைகள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சில ஆலைகளுக்கு நிர்வாக ஆலோசகர்களை இலவசமாகவே அனுப்பிவெச்சாங்க. அவங்க அங்க பார்த்தது, எந்த நூல் எங்க இருக்குன்னே தெரியாத குடோன், தரையில் சிதறிக் கிடந்த டூல்ஸ், வழியை மறிச்சுக் கிடந்த குப்பை. சொல்லிக்கொடுத்ததும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. எந்தத் தறி ஏன் நின்னதுன்னு எழுதிவை. துணியில என்ன குறைன்னு தினமும் குறிச்சு, அதைப் பற்றிக் கூடிப் பேசு. நூலை அடுக்கிவெச்சுக் கணக்கு எடு. முதல் வருஷத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவிகிதம் கூடியது. 2013-ல் இந்த ஆய்வு வெளியானது. இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் முன்னாடியே செய்யலைன்னு பார்த்தா, இப்படியெல்லாம் செய்யணும்னு பல முதலாளிகளுக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க, இதனால பெருசா லாபம் வரும்னு நம்பலை.

இப்போ அந்த 70 மணி நேரத்துக்கு வருவோம். இதை ஏற்கெனவே செஞ்சு பார்த்த ஊர் ஒண்ணு இருக்கு. முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகள்ல ஆயிரக்கணக்கான பெண்கள் ராப்பகலா வேலை பார்த்தாங்க. யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாங்க, எவ்வளவு செஞ்சாங்கன்னு அப்பவே எழுதிவெச்சிருந்தாங்க. ஜான் பென்காவல் என்ற பொருளாதார அறிஞர் கிட்டத்தட்ட 100 வருஷம் கழிச்சு அந்தப் பதிவுகளை எடுத்து அலசினார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே அளவுல கூடியது. அதைத் தாண்டினதும் வேகம் விழ ஆரம்பிச்சது. 70 மணி நேரம் வேலை பார்த்த வாரத்துக்கும் 56 மணி நேரம் பார்த்த வாரத்துக்கும் உற்பத்தியில பெரிய வித்தியாசமே இல்லை! 14 மணி நேரம் காத்தோட போச்சு. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாத வாரங்கள்லயும் உற்பத்தி அடிவாங்கியது.

குண்டு செய்யற வேலையும் லேப்டாப் வேலையும் ஒண்ணான்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா, லேப்டாப் வேலையிலயும் அந்தக் கழுத்து டெய்லர் இருக்கார், வேற பேர்ல. நான் முதல்ல வேலை பார்த்த ஒரு இடத்துல எதை வெளியிடணும்னாலும் ஒரே ஒருத்தர் ஓகே சொல்லணும். அவர் நாள் முழுக்க மீட்டிங்ல இருப்பார். மதியம் 3 மணிக்கு நான் முடிச்ச வேலை, ராத்திரி 8 மணிக்கு ஒரு தம்ஸ் அப் இமோஜியோட திரும்பி வரும். நடுவுல அஞ்சு மணி நேரம் நான் ரீல்ஸ் பார்த்தேன், டீ குடிச்சேன், அடுத்த வேலைக்கு விளம்பரம் தேடினேன். ஆனா, லேட்டா கிளம்புறதால ஆபீஸ்ல எனக்குக் கடின உழைப்பாளின்னு பேர்!

விளம்பரம் தேடினதா சொன்னேன் இல்லையா, அதுக்கும் ஒரு விலை இருக்கு. 1913-ல் ஃபோர்டு கார் தொழிற்சாலையில வேலையை விட்டுப் போறவங்களோட வருடாந்தர விகிதம் 370 சதவிகிதம்! ஆள் எடுக்கிறதும் பழக்குறதுமே பெரிய செலவாப் போச்சு. 1914 ஜனவரியில ஃபோர்டு, தினக்கூலியை 5 டாலர் ஆக்கி, வேலை நேரத்தை 9-லிருந்து 8 மணி நேரமாகக் குறைச்சார். இரக்கப்பட்டுச் செஞ்சார்னு நினைக்க வேண்டாம், கணக்குப் போட்டுத்தான் செஞ்சார். ஆட்கள் நின்னாங்க.

அதனால அடுத்த இன்டர்வியூவில், 'உங்ககிட்ட ஏதாவது கேள்வி இருக்கா?'ன்னு அவங்க கேட்கும்போது தயங்காதீங்க. போன வருஷம் இந்த டீம்ல எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்கன்னு கேளுங்க. ஒரு வேலை முடிஞ்சா எத்தனை பேர் ஓகே சொல்லணும்னு கேளுங்க. ரெண்டாவது கேள்விக்கு, 'எல்லாமே எங்க எம்.டிதான் பார்ப்பார்'னு பெருமையா பதில் வந்தா, டிபன் பாக்ஸோட ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க.