நேற்றைத் திருத்த ஓடும் நீல முள்ளெலி!

கை தவறிப் பானை உடைந்து விடுகிறது. "ஒரு நிமிஷம் பின்னால் போக முடிந்தால் அதைப் பிடித்திருப்பேனே!" என்று மனம் அடித்துக் கொள்கிறது. இப்படி ஏங்காதவர் யார்?

போன நிமிஷம் போனதுதான். ஆனால், ஒரு விளையாட்டில் மட்டும் அது திரும்பி வருகிறது!

அந்த விளையாட்டின் பெயர் "சோனிக் சி.டி." ஜப்பானைச் சேர்ந்த சேகா கம்பெனி 1993-ம் ஆண்டில் அதை வெளியிட்டது. டெலிவிஷன் பெட்டியோடு ஒரு கருவியை இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டு அது.

சோனிக் என்பது ஒரு நீல நிற முள்ளெலி. ஆபத்து வந்தால் முள்ளெலி பந்து போலச் சுருண்டு கொள்ளும் அல்லவா? சோனிக்கும் சுருளும். ஆனால் பயந்து அல்ல. உருண்டு போய் எதிரியை நொறுக்குவதற்காக!

ஆடுகிறவர் பொத்தானை அழுத்தினால் அது ஓடும், தாவும். மேடு, பள்ளம், பாலம் எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். அதுதான் ஆட்டம்.

சங்கிலியில் சிக்கிய கிரகம்

கதை இதுதான்:

ஓர் ஏரி. வருஷத்தின் கடைசி மாதத்தில் மட்டும் அதன் மேலே வானத்தில் ஒரு சின்னக் கிரகம் தோன்றும். மற்ற மாதங்களில் அதைக் காண முடியாது.

அந்தக் கிரகத்தின் மேல் டாக்டர் எக்மேன் கண் வைக்கிறான். முட்டை போன்ற உடம்பும் பெரிய மீசையும் கொண்ட வில்லன் அவன். கிரகத்தைச் சங்கிலியால் மலையோடு கட்டிப் போடுகிறான். அதை இரும்பு உலகமாக மாற்றத் தொடங்குகிறான்.

தட்டிக் கேட்கச் சோனிக் ஓடி வருகிறது.

கம்பத்தைத் தொட்டால்...

வழியில் ஆங்காங்கே கம்பங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒரு வகை "கடந்த காலம்". இன்னொரு வகை "எதிர்காலம்".

கம்பத்தைத் தொட்டால் மட்டும் போதாது. தொட்ட பிறகு சில விநாடிகள் முழு வேகத்தில் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். ஓடும்போது பின்னால் பொறி பறக்கும். வேகம் குறையாவிட்டால், பளிச்! வேறு காலத்துக்குப் போய் விடலாம். நடுவில் சுவரில் மோதி நின்றால் வாய்ப்பு போயிற்று.

ஒரே இடம், நான்கு கோலம்! கடந்த காலத்தில் இயற்கை செழித்து நிற்கிறது. நிகழ்காலத்தில் இரும்பு நுழைந்திருக்கிறது. எதிர்காலமோ இரண்டு விதம். ஒன்றில் எல்லாம் பாழ். மற்றொன்றில் யந்திரமும் இயற்கையும் கூடி வாழ்கின்றன; எதிரியே கிடையாது.

இசையும் நான்கு விதம். கண்ணை மூடிக் கேட்டாலே எந்தக் காலம் என்று தெரிந்து விடும்!

ஒளித்து வைத்த யந்திரம்

நல்ல எதிர்காலம் சும்மா வராது. ரோபோக்களை உண்டாக்கும் யந்திரம் ஒன்றைக் கடந்த காலத்தில் எக்மேன் ஒளித்து வைத்திருக்கிறான். அதைத் தேடிப் பிடித்து உடைக்க வேண்டும்.

ஆட்டத்தில் 7 இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் 3 பகுதிகள். முதல் இரண்டு பகுதிகளிலும் யந்திரத்தை உடைத்தால், மூன்றாவது பகுதியில் நல்ல எதிர்காலம் வரவேற்கும். விட்டு விட்டால் பாழான எதிர்காலம்தான்! (காலக் கற்கள் 7-ஐயும் சேர்ப்பது இன்னொரு வழி.)

இங்கேதான் சூட்சுமம். பின்னோக்கிப் போவதற்கு வேகம் வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு வேகம் உதவாது. நின்று, மேலே ஏறி, கீழே இறங்கி, மூலை முடுக்கெல்லாம் தேட வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் 10 நிமிஷம்தான் கெடு.

"எனக்கென்ன?" என்று நேராக ஓடினாலும் எல்லைக்கோட்டைத் தொட்டு விடலாம். யாரும் தடுப்பதில்லை. அடுத்து வரும் பாழான உலகத்தைப் பார்க்கும்போதுதான் மனம் உறுத்தும்.

உடைத்தால் பூ!

ரோபோவை இடித்து உடைத்தால் உள்ளிருந்து விதை விழுகிறது. விழுந்த இடத்தில் பூச்செடி முளைக்கிறது. இரும்பு போய்ப் பூ வருகிறது!

முதல் சோனிக் விளையாட்டு வந்தது 1991-ல். அது பெரும் வெற்றி. பிறகு அதைச் செய்தவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். யூஜி நாகா என்பவர் அமெரிக்கா போய் இரண்டாவது விளையாட்டில் ஈடுபட்டார். சோனிக்கின் உருவத்தை வரைந்த நவோடோ ஓஷிமா ஜப்பானிலேயே தங்கி, சோனிக் சி.டி.யை உருவாக்கும் குழுவை நடத்தினார்.

பழைய விளையாட்டை விட மனமில்லாத ரசிகர்களும் இருந்தனர். அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் வைட்ஹெட். அவர் கைவண்ணத்தில் 2011-ல் இந்த விளையாட்டு புது உருவில் மீண்டும் வெளிவந்தது. கடந்த காலத்தில் இருந்து ஒரு நல்ல பொருளை மீட்டு வந்து விட்டார்!

கடைசியாக ஒரு வேடிக்கை. பொத்தானை அழுத்தாமல் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சோனிக் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கும். 3 நிமிஷம் ஆனதும், "நான் போகிறேன்!" என்று சொல்லிக் கீழே குதித்து விடும். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

போன காலத்துக்குப் போக வழி தரும் விளையாட்டில் கூட, சும்மா இருக்க 3 நிமிஷத்துக்கு மேல் இல்லை!