அப்பா வழியில் மகன்: ‘ஸ்னைப்பர்’ படம் எழுப்பும் கேள்வி

கோலசிலாங்கூர் - அப்பா செய்த வேலைக்குத்தான் மகனும் போக வேண்டுமா? தோட்டப்புறங்களில் பழகிப்போன இந்தக் கேள்வியைத் துப்பாக்கியோடு கேட்கிறது, 2011இல் வெளிவந்த ‘ஸ்னைப்பர்: ரிலோடட்’ எனும் ஹாலிவுட் படம்.

மறைந்திருந்து வெகு தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் இராணுவ வீரரே ஸ்னைப்பர். 1993இல் வந்த முதல் படத்தில், பனாமா காட்டில் அந்த வேலையைச் செய்தவர் தோமஸ் பெக்கெட் (டாம் பெரெஞ்சர்). நான்காவது படமான ‘ரிலோடட்’டில் அவருடைய மகன் பிரண்டன் (சாட் மைக்கேல் காலின்ஸ்) நாயகன். இராணுவத்தில் இருந்தாலும் அவனுக்கு ஸ்னைப்பராக விருப்பமில்லை. கொங்கோவில் உடன் வந்த வீரர்கள் மறைந்திருந்த ஒருவனின் தோட்டாவுக்குப் பலியான பிறகே மனம் மாறுகிறான்.

அவனுக்குக் கற்றுக்கொடுப்பவர் தந்தை அல்லர். முதல் படத்தில் தந்தையோடு காட்டில் அலைந்த மில்லர் (பில்லி ஸேன்). தூரம் கூடக்கூடத் தோட்டா தாழும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். இதையெல்லாம் கணக்கிட்டு, மூச்சை அடக்கி, அசையாமல் காத்துக் கிடக்க வேண்டும். இது இரத்தத்தில் ஊறி வருவதன்று, பழகிப் பெறுவது. தந்தையும் மகனும் ஒன்றாகக் களமிறங்குவது 2014இல் வந்த ‘ஸ்னைப்பர்: லெகசி’யில்தான்.

பால்மரக் காலத்தில் நம் தோட்டங்களில் லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். அப்பாவின் வாளியைப் பிள்ளை தூக்கியது பல வீடுகளில் விருப்பத்தால் அன்று. பிரண்டனுக்கோ முதலில் மறுக்கவும் பிறகு ஏற்கவும் இடமிருந்தது.

நம் பிள்ளைகளுக்கும் அந்த இடம் வேண்டும். எந்தத் தொழிலை எடுத்தாலும், பொறுமையாகக் கற்றுக்கொடுக்க ஒரு மில்லரும் வேண்டும்.