மார்க்குக்கா, கவனத்துக்கா தள்ளுபடி?



அமெரிக்காவில் நல்ல மார்க் வாங்கும் மாணவர்களுக்குப் பல கம்பெனிகள் கார் இன்சூரன்சில் தள்ளுபடி தருகின்றன. நம் நாட்டில் கவனத்துக்குத்தான் தள்ளுபடி. ஒரு வருஷம் இழப்பீடு கேட்காமல் இருந்தால், நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். ஐந்து வருஷம் தொடர்ந்தால் 50 சதவீதம்.

ஆனால் நம்ம பசங்க சிலர் லைசென்ஸ் இல்லாமலே அப்பா வண்டியை எடுக்கிறாங்க. 18 வயது ஆகாதவர் அப்படி ஓட்டினால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. யாருக்காவது அடிபட்டால், கம்பெனி கொடுத்த இழப்பீட்டை அப்பாவிடமே வசூலிக்கலாம்.

எனக்கும் ஓட்ட ஆசைதான். இதைத் தெரிஞ்சதும் சாவியை ஆணியிலேயே மாட்டிட்டேன். நீங்க?