தீவுப்பகுதி வாக்கும் இடம்பெயர்ந்தோர் பெயரும்

"ஊர்காவற்றுறைத் தொகுதி யார் பக்கம்?" தேர்தல் வருகிறபோதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் 1994 ஆம் ஆண்டின் முடிவை மனதில் வைத்தே கேட்கிறார்கள். அந்த முடிவு எப்படி வந்தது என்பதை நாம் ஒருமுறை கணக்குப் பார்த்து விளங்கிக்கொள்வது நல்லது.

முதலில் பழைய கதை. 1947 இல் இத்தொகுதி சுயேச்சையாக நின்ற ஏ. எல். தம்பிஐயாவைத் தெரிவுசெய்தது. 1956 இல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. கந்தையா வென்றார். அவர் காலமானபின் 1963 இடைத்தேர்தலில் அதே கட்சியின் வ. நவரத்தினம் வந்தார். பின்னர் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட நவரத்தினம் 1970 இல் தனித்து நின்றபோது, மக்கள் கட்சி நிறுத்திய பண்டிதர் கா. பொ. இரத்தினத்தையே தெரிவுசெய்தார்கள். 1977 இலும் அவரே. இருந்த பிரதிநிதியைக் கூட மாற்றத் தயங்காத தொகுதி இது.

1990 ஓகஸ்டில் படையினர் தீவுகளில் இறங்கினர். வேலணை, மண்டைதீவு, அல்லைப்பிட்டிக் குடும்பங்கள் புகையிலைத் தறையையும் பனங்காணியையும் விட்டுக் குடாநாட்டுக்கு ஓடின. நான்கு வருடங்களின் பின், 1994 ஓகஸ்ட் 16 இல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் 5 இலட்சத்து 96 ஆயிரம் பேர் வரையில் இருந்தனர். வாக்களித்தவர்கள் 2.34 வீதம். குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தமையால் அங்கு வாக்களிப்பு இல்லை. விழுந்தவற்றில் பெரும்பங்கு படையினர் வசமிருந்த தீவுப்பகுதியில் விழுந்தது. ஆனாலும் மாவட்டத்தின் 10 ஆசனங்களில் ஒன்றுகூட வெறுமையாகவில்லை.

சுயேச்சைக் குழுவாக நின்ற ஈ.பி.டி.பி. பெற்றது 10,744 வாக்குகள். முஸ்லிம் காங்கிரஸ் பெற்றது 2,098. இருபதில் ஒரு பங்கு வாக்கும் பெறாத மற்றவர்கள் சட்டப்படி நீக்கப்பட்டனர். கூடிய வாக்குப் பெற்றவருக்கு முதலில் ஒரு மேலதிக ஆசனம். எஞ்சிய 9 ஆசனங்களால் இரு தரப்பினதும் மொத்தமான 12,842 ஐப் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 1,427 வாக்கு வருகிறது. அதன்படி ஈ.பி.டி.பி.க்கு 7, முஸ்லிம் காங்கிரஸுக்கு 1. மிச்சமான ஓர் ஆசனம் கூடிய மீதி வாக்கு வைத்திருந்த ஈ.பி.டி.பி.க்குப் போனது. ஆக 9 உம் 1 உம்.

வராதவர் பங்கைச் சட்டம் எடுத்து வைப்பதில்லை. பங்குக் கிணற்றில் இறைப்பு முறைக்கு வராதவருடைய தண்ணீர் அடுத்த முறைகாரரின் வாய்க்காலில் ஓடுவதைப் போன்றதே இது.

எனவே அந்த 9 ஆசனங்களைக் காட்டித் தீவார் எல்லோரும் ஒரு பக்கம் என்பது தவறு. வாக்களித்தவர்களில் மனமார விரும்பிப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். அரிசியும் மருந்தும் வருகிற வழியைப் பார்த்துப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஊரை விட்டு ஓடியவர்களின் விருப்பமோ அந்தப் பெட்டிகளில் இல்லவே இல்லை. பயமும் ஒரு காரணம். 2001 நவம்பர் 28 இல் பிரசாரத்துக்கு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டு இருவர் இறந்ததை அப்பகுதியார் மறக்கவில்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலில், புறக்கணிப்பு அழைப்பின் நடுவே, மாவட்டம் முழுவதிலும் 1.21 வீதத்தினரே வாக்களித்தனர். அதுவும் மக்களின் சாய்வைக் காட்டும் அளவுகோல் அல்ல. பிற்காலத்தில் சாய்வு மாறியது கண்கூடு: 2024 இல் தேசிய மக்கள் சக்தி மாவட்டத்தில் 3 ஆசனங்களைப் பெற, 1994 தொடக்கம் ஆசனம் வைத்திருந்த ஈ.பி.டி.பி. ஒன்றும் பெறவில்லை.

1994 இல் முஸ்லிம் காங்கிரஸ் பெற்ற அந்த ஓர் ஆசனத்தை இடம்பெயர்ந்தோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாம்களில் இருந்த முஸ்லிம் மக்கள், தங்கள் பெயரை யாழ்ப்பாண இடாப்பில் விடாமல் வைத்திருந்து அங்கிருந்தே வாக்களித்தார்கள். அவர்கள் ஓலைக் கொட்டிலில் இருந்தாலும் அந்த வாக்கு ஊர்க்கணக்கிலேயே சேர்ந்தது.

பெயரின் பெறுமதி வாக்களிப்பு நாளுடன் முடிவதில்லை. மாவட்டங்களுக்கு ஆசனம் பிரிப்பது பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டே. யாழ்ப்பாணத்துக்கு 1994 இல் இருந்த 10 ஆசனங்கள் 2024 இல் 6 ஆகக் குறைந்தன. வெளிநாடு போனவர்கள் ஒருபுறம்; இடம்பெயர்ந்து எங்கும் பதியாமல் விட்டவர்கள் மறுபுறம்.

போரால் இடம்பெயர்ந்தோர் தம் பழைய இடத்திலேயே பதிவதற்கென 2013 இல் 27 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. அது காலவரையறை உடையது. பொதுவான இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தரிடம் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்தபின், வரைவு இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது நேரில் போய்ப் பார்க்கவேண்டும். நண்பர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்களின் பெயரை வீட்டுக்காரர் தம் படிவத்தில் எழுத மறந்துவிடுவதுண்டு. 18 வயதான பிள்ளைகளின் பெயரும் இப்படித்தான் விடுபடுகிறது.