சுவடிக் கோப்புகளின் இடப்பெயர்ச்சி

ஏட்டுச் சுவடிகளைப் படமெடுத்துக் கணிப்பொறியிற் காப்போர், பல வட்டுகளை ஒரே களஞ்சியமாக ஆளும் முறையை அறிதல் வேண்டும். அம்முறையினவற்றுள் ஒன்று குளஸ்டர் கோப்பமைப்பு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 2011இல் ரெட் ஹாட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று.

நூலகத்துப் பெயர்ப்பட்டியல் போன்றதொன்று இதன்கண் இல்லை. கோப்பின் பெயரினின்று ஓர் எண் கணிக்கப்படும். அவ்வெண் எவ்வட்டின் எல்லைக்குள் அடங்குமோ அவ்வட்டே கோப்பின் இருப்பிடம். புதுவட்டுச் சேரின் எல்லைகள் மாறும். மாறவே, சில கோப்புகள் பெயர்தற்குரியனவாகும். (1960இல் மாநில எல்லை மாறிச் சென்னையொடு சேர்ந்தது பள்ளிப்பட்டு, ஆங்கு ஊர் நகரவில்லை, ஈண்டுக் கோப்பு நகர்கின்றது.)

சேருமிடத்தில் இடம் குறைவாயின் என்னாம்? பெயர்க்குமுன் இரு வட்டுகளின் வெற்றிடமும் ஒப்பிடப்படும். சேரும் வட்டிற் குறைவெனின் கோப்பு பழைய இடத்தே நிற்கும்; கணிப்புச் சுட்டிய வட்டில், அதனைக் காட்டும் சிறு குறிப்பு மட்டும் இருக்கும். இவ்வொப்பீட்டை விலக்கி வலிந்து பெயர்க்கும் ஆணையும் உண்டு. சுவடிகட்கு அது தகாதென்பது எம் கருத்து. பெயர்வழிக் கணிப்புக் கோப்புகளின் எண்ணிக்கையைச் சமனாக்குமேயன்றிப் பருமனை நோக்காது. சுவடிப் படங்களோ பருமனில் ஒன்றோடொன்று ஒவ்வாதன. பெயராது நின்றவற்றின் தொகை, நிலையறிக்கையில் 'தவிர்க்கப்பட்டவை' என்னும் பத்தியிற் காணப்படும்.