சீட்டுக்கட்டு டப்பாவைக்கூட தூக்கிப் போடாதவர்கள்... அந்த அட்டைப்பெட்டியில் அப்படி என்ன இருக்கு?

புதுசா ஒரு சீட்டுக்கட்டு வாங்கினால் முதல் வேலையா என்ன செய்வோம்? மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளை உரிப்போம். மூடியில் ஒட்டியிருக்கும் சீலைக் கிழிப்போம். சீட்டை உருவிக்கொண்டு டப்பாவை ஓரமா வீசுவோம். ரெண்டு ஆட்டம் முடிவதற்குள் அது குப்பைக்குப் போயிருக்கும்.

இதையே ஒரு சீட்டுக்கட்டு சேகரிப்பாளர் பார்த்தால் பதறிப்போவார். அவருக்குச் சீட்டு, டப்பா, சீல், கண்ணாடித்தாள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கட்டு. தபால்தலை, நாணயம் சேர்ப்பது போலவே, அழகான சீட்டுக்கட்டு சேர்ப்பதும் உலகம் முழுக்க இருக்கும் பொழுதுபோக்கு. நம்ம ஊரில் ஒரு காலத்தில் பசங்க தீப்பெட்டிப் படம் சேர்த்தார்களே, கிட்டத்தட்ட அதே பைத்தியம்தான். ஆனா இதில் புழங்கும் பணம் கொஞ்சம் பெரிசு.

டப்பாதான் ஜாதகம்

சீட்டில் பொதுவாக அச்சடித்த வருஷம் இருக்காது. டிசைனும் சீக்கிரம் மாறாது. அமெரிக்காவின் 'பைசைக்கிள்' பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1885ல் வந்தது. சைக்கிள் ஓட்டும் சிறகு முளைத்த தேவதை படம் போட்ட அதன் பின்பக்கம் நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போ 1920ல் அச்சடித்ததையும் 1970ல் அச்சடித்ததையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

இங்கேதான் டப்பா கை கொடுக்கிறது. அமெரிக்காவில் 1894 முதல் 1965 வரை ஒவ்வொரு சீட்டுக்கட்டுக்கும் மத்திய அரசு வரி போட்டது. முதலில் 2 சென்ட், கடைசியில் 13 சென்ட். வரி கட்டியதற்கு அடையாளமா ஒரு குட்டி ஸ்டாம்பை ஒட்டுவார்கள். கட்டைத் திறந்தால் அது கிழியும். பல ஸ்டாம்புகளின் மேல் கம்பெனியின் பெயரெழுத்தும் தேதியும் அடித்திருக்கும். கிழிந்த பாதி ஸ்டாம்ப் மட்டும் டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அந்தக் கட்டின் வயசைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

இந்த பைசைக்கிள் கம்பெனியின் இஸ்பேடு ஏஸிலும் ஒரு துப்பு உண்டு. அதில் ஒரு எழுத்தும் சில எண்களும் சின்னதா இருக்கும். அந்த எழுத்து, அச்சான வருஷத்தைக் குறிக்கும் ரகசியக் குறி. சிக்கல் என்னவென்றால், ஒரே எழுத்து வேறு வேறு காலத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அது எந்தச் சுற்று என்று முடிவு செய்ய மறுபடியும் டப்பாவையும் ஸ்டாம்பையும்தான் பார்க்கணும். டப்பா இல்லாத கட்டின் மதிப்பு இறங்குவது இதனால்தான், வெறும் அழகுக்காக இல்லை.

புதுசா சேர்க்க ஆரம்பிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரி போன பிறகும் கம்பெனிகள் தங்கள் சொந்த சீலை அதே இடத்தில் ஒட்டின. பார்க்க வரி ஸ்டாம்ப் மாதிரியே இருக்கும். அதை நம்பி 'பழசு' என்று காசு கொடுத்துவிடக் கூடாது.

ஒரு சீட்டுக்காக தூக்கு தண்டனை

சரி, 52 சீட்டில் இஸ்பேடு ஏஸ் மட்டும் ஏன் அவ்வளவு அலங்காரமா இருக்கு? இதற்கும் வரிதான் காரணம். இங்கிலாந்தில் வரி கட்டிய முத்திரையை அந்த ஒரு சீட்டில் போட்டார்கள். பிறகு போலியைத் தடுக்க, அந்த ஏஸை அரசு முத்திரை அலுவலகமே அச்சடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. கள்ளத்தனமா ஏஸ் அச்சடிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் இதற்காக 1805ல் தூக்கிலிடப்பட்டார். ஒரு சீட்டுக்கு ஓர் உயிர்!

1862ல் வரியைக் குறைத்து, முத்திரையைச் சீட்டிலிருந்து மேலுறைக்கு மாற்றினார்கள். ஏஸில் அலங்காரம் போடும் பழக்கம் மட்டும் கம்பெனிகளின் பிராண்ட் அடையாளமா தங்கிவிட்டது. அந்த வரியே 1960ல்தான் ஒழிந்தது. அந்தக் காலத்துக் காகித மேலுறைகள் கிடைப்பதோ அபூர்வம். கிழிக்காமல் திறக்க முடியாத ஒன்றை யார் பத்திரப்படுத்துவார்கள்?

ஜப்பானிலும் 1902 முதல் 1989 வரை இதே மாதிரி வரி இருந்தது. இன்றைக்கு வீடியோ கேமுக்குப் பேர்போன நின்டெண்டோ, 1889ல் கியோட்டோவில் 'ஹனாஃபுடா' என்ற பூப்படச் சீட்டு செய்யும் கடையாகத்தான் தொடங்கியது. நெப்போலியன் படம் போட்ட அதன் சீட்டுப் பெட்டியைச் சீட்டு சேகரிப்பாளர்கள் மட்டுமல்ல, கேம் ரசிகர்களும் தேடி வாங்குகிறார்கள்.

பிரிக்கலாமா, வேண்டாமா?

சேகரிப்பாளர்களின் பெரிய தலைவலி இதுதான். 'ஜெர்ரிஸ் நகெட்' என்ற கட்டு இதற்கு நல்ல உதாரணம். லாஸ் வேகாஸ் பக்கத்தில் இருக்கும் அதே பேருடைய கேசினோவுக்காக 1970ல் அச்சடித்தது. கேசினோவின் பரிசுப்பொருள் கடையில் பல வருஷம் மலிவு விலையில் கிடந்தது. பிறகுதான் மேஜிக் கலைஞர்கள் கண்ணில் பட்டது. கையில் வழுக்கிக்கொண்டு ஓடும் விதமே தனி என்று பேச்சு கிளம்பியது. ஸ்டாக் தீர்ந்ததும் விலை ஏறியது. இன்று பிரிக்காத அசல் கட்டு சில நூறு டாலர்.

வேடிக்கை என்னவென்றால், புகழ் வந்தது கையில் பிடித்து ஆடும் சுகத்துக்காக. அந்தச் சுகத்தை அனுபவிக்கக் கட்டைப் பிரித்தால் விலை போச்சு! 2019ல் இதே டிசைனில் புதுசா அச்சடித்து விற்றார்கள். அதனால் பழசு என்று யாராவது நீட்டினால், எந்தக் காலத்து அச்சு என்று பார்க்காமல் பணம் எடுக்க வேண்டாம்.

கிக்ஸ்டார்ட்டர் மாதிரி இணையத் தளங்களில் முன்பணம் திரட்டி அச்சடிக்கும் பழக்கம் வந்த பிறகு நிலைமை தலைகீழ். இப்போ டப்பாவே ஹீரோ. தங்க ஃபாயில், புடைப்பு அச்சு, உள்பக்கத்திலும் ஓவியம், வரிசை எண் போட்ட சீல் என்று பிரமாதப்படுத்துகிறார்கள். 'லிமிடெட் எடிஷன்' என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சிவப்பில் 'லிமிடெட்' என்று வந்தது, அடுத்து நீலத்திலும் பச்சையிலும் வரலாம். பிடித்த ஓவியம் என்றால் வாங்கலாம். நாளைக்கு இரட்டிப்பாகும் என்று நம்பி வாங்குவது சூதாட்டம்தான், சீட்டு ஆடாமலே ஆடும் சூதாட்டம்.

இந்தியாவின் வட்டச் சீட்டு

அச்சு இயந்திரம் தொடாத சீட்டும் உண்டு. நம் நாட்டுக் 'கஞ்சிஃபா' அப்படித்தான். வட்டமான, கையால் வரைந்த சீட்டு. 1527ல் பாபர் ஒருவருக்குக் கஞ்சிஃபா அனுப்பி வைத்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டு. ஒடிசாவில் துணியில் புளியங்கொட்டைப் பசை தடவித் தயாரிக்கிறார்கள். மகாராஷ்டிராவின் சாவந்த்வாடி, மேற்கு வங்கத்தின் பிஷ்ணுபூர், கர்நாடகாவின் மைசூரு என ஊருக்கு ஊர் பாணி மாறும்.

இதன் பெட்டி மரத்தில் செய்தது. அதிலும் சீட்டில் இருக்கும் அதே கைவண்ணம். பெட்டியையும் ஓவியரே வரைவதால், சீட்டையும் பெட்டியையும் பிரித்து விற்றால் இரண்டுமே அரைகுறை.

வீட்டில் பழைய கட்டு இருந்தால்?

தாத்தா பெட்டியிலோ பரணிலோ பழைய சீட்டுக்கட்டு கிடைத்தால், முதலில் சீலையும் ஸ்டாம்பையும் உரிக்காதீர்கள். டப்பாவை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். கிழிந்த மூடியை செலோ டேப் போட்டு ஒட்டவே கூடாது, அந்தப் பசை மஞ்சளாகி அட்டையையும் கெடுக்கும். ரப்பர் பேண்டும் வேண்டாம். அது உருகி ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் ஓரத்தில் தடம் பதிக்கும்.

பிரிக்காத பழைய கட்டாக இருந்தால் கண்ணாடித்தாளைக் கவனியுங்கள். வயதாக ஆக அது சுருங்கி டப்பாவின் மூலையை நசுக்கும். பிரித்த கட்டு என்றால் 52ம் ஜோக்கரும் இருக்கா என்று எண்ணிப் பாருங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு, வெயில் படாத இடத்தில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்தால் போதும். பூச்சி வராமல் இருக்க அந்துருண்டையை அட்டைமேல் நேரா போட்டுவிடாதீர்கள்.